பெட்டி இறங்கிய பிறகுதான் விசில்

காட்பாடி–பாகாயம் தடத்தில் பல வருடம் கண்டக்டராக ஓடியவன் நான். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ் என்றால் வேலூரில் தெரியாதவர் கிடையாது. ஜங்ஷனில் வெளியூர் ரயில் வந்தால் வண்டி நிரம்பிவிடும். பாதிப் பேர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளத்து, அசாம் பக்கத்து ஜனங்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர் இருவர், முடியை ஒட்ட வெட்டி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஏறுவார்கள். பெட்டி மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். லீவில் வரும் பட்டாளத்துக்காரர்கள்.

பழைய வட ஆற்காட்டுக்கு இது புதிதல்ல. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914–18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அப்படியானால் 263 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி வீடு வந்து சேர்ந்தார்கள், ஊர் எப்படி வரவேற்றது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் மனதை அறுக்கும். கொடி போர்த்தி வரும்போது ஊரே ரோட்டில் நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு வருகிறவனுக்கு டவுன் பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் இல்லை.

ஒரு விடியற்காலை நடந்ததைச் சொல்கிறேன். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய பையன். அது 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ரயில். லீவு திடீரென்று கிடைத்ததால் ரிசர்வேஷன் இல்லை, கதவோரம் உட்கார்ந்தே வந்ததாகச் சொன்னான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பெட்டியை வழியில் வைத்ததும் பின்னாலிருந்து ஒருவர், "இன்னாபா, பொட்டிய இங்க வச்சிக்கினா ஜனம் எப்டி எறங்கும்?" என்று சத்தம் போட்டார். பையன் பதில் பேசவில்லை. பெட்டியை நிமிர்த்தி இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

அதே வண்டியில் எக்ஸ்ரே கவரோடு ஒரு வங்காளிப் பெரியவரும் அவர் மனைவியும். எனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. டிக்கெட் எவ்வளவு, எங்கே இறங்க வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனேன். பையன் தானாகவே இந்தியில் எடுத்துச் சொன்னான். அந்த அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தான். சி.எம்.சி. ஸ்டாப்பிங் வந்ததும், "இங்கதான்" என்று இருவரையும் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று படிக்கட்டில் நின்றபடியே கைகாட்டினான். இந்தத் தடத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டிக்கு மொழிபெயர்ப்பாளர்கள் அவர்கள்தான். அதற்காக யாரும் ஒரு நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

கேட்பதெல்லாம் வேறு. "பார்டர்ல சுட்டிருக்கியா தம்பி?" என்பார்கள். "கேன்டீன் பாட்டில் இருக்கா?" என்பார்கள். மூன்று ராத்திரி தூங்காதவனிடம் கேட்கிற கேள்வியா இது? வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, அப்புறம் 30 நாள் கேஷுவல் லீவு. அதையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாது. பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்புவதற்குள் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பெல்லாம். சல்யூட்டா கேட்கிறான்?

நான் என்னால் ஆனதைச் செய்தேன். டிரைவரிடம் சொல்லி பெட்டியை பானட் பக்கம் வைக்கச் சொல்வேன். லக்கேஜ் டிக்கெட் போட வேண்டியிருந்தால் போடுவேன், அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. ஆள் இறங்கி, பெட்டியும் இறங்கின பிறகுதான் விசில். புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. எங்கள் வண்டி பாகாயத்தோடு நின்றுவிடும். கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் போகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். விடிவதற்கு முன் வரும் வடக்கத்தி ரயில்களை ஒட்டி, காட்பாடி ஸ்டேஷன் வாசலிலிருந்து ஆரணி ரோட்டில் நேராகப் போகிற மாதிரி ஒரு பஸ் விட வேண்டும். பின்பக்கம் இரண்டு சீட்டைக் கழற்றிவிட்டால் பெட்டிக்கு இடம் கிடைத்துவிடும். வேலையில் இருந்தபோது யூனியன் கூட்டத்தில் இதைக் கேட்டேன். இப்போதும் பழைய ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன்.