பதிவேட்டில் நான் எழுதிய சொல்

பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் என் கையெழுத்தை நேற்று நானே பார்த்தேன். 1996ஆம் ஆண்டு, ஒன்றாம் வகுப்பு. சாதி என்ற கட்டத்தில் நீல மசியில் 'குறவர்' என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தாயும் மகளும் அலைகிறார்கள்.

அந்தத் தாயைப் போன வாரம்தான் காட்பாடி ரயில் நிலையத்தில் பார்த்தேன். தோளில் பாசிமணியும் ஊசியும் சீப்பும் தொங்கும் பை. "டீச்சர், என்னை மறந்துவிட்டீர்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் மகள், பன்னிரண்டு வயதிருக்கும். சித்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் இறந்துவிட்டான். பெண்ணை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். மகளிடம் ஆந்திராவில் வாங்கிய பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறது. அது இங்கே செல்லாது. தன் பெயருக்கு ஒரு சான்றிதழ் வாங்கி அதை வைத்து மகளுக்கு வாங்கலாம் என்று போனால், பள்ளிப் பதிவேட்டில் 'குறவர்' என்றல்லவா இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. அந்தத் தாயும் மகளும் நரிக்குறவர்கள். இவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. தமிழோடு உறவில்லாத மொழி அது, குஜராத்தியின் பக்கம் சேர்ந்தது. அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை என்பதைத்தான் இப்போது நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

அவளைக் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் முணுமுணுத்தார்கள், நானும் இணங்கிவிட்டேன். பாடத்தைப் படிக்கச் சொன்னால் வாய் திறக்க மாட்டாள். மந்தம் என்று முடிவுகட்டினேன். ஒருநாள் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவள் மணி கோப்பதைப் பார்த்தேன். இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு, இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு. நூலைப் பல்லால் கடித்து முறுக்கிக்கொண்டே, உதடு அசையாமல் எண்ணினாள். ஒரு சரத்துக்கு நூறு மணி. நான் வாங்கி எண்ணிப் பார்த்தேன், சரியாக நூறு. ஏழு வயதில் வாக்ரியும் தமிழும் தெலுங்கும் ரயிலில் கற்ற கொஞ்சம் இந்தியும் பேசுவாள். அவளுக்குப் பழகாத பாடப்புத்தகத் தமிழில் கேள்வி கேட்டு, பதில் வராததை அறிவின்மை என்று எழுதிவைத்தவள் நான்.

ஐரோப்பாவில் மற்றவர்கள் 'ஜிப்ஸி' என்று அழைக்கும் ரோமா மக்களைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது என் மகன் சொன்ன ஒரு வார்த்தையால்தான். அவன் செக் நாட்டில் வேலை பார்க்கிறான். டிராமில் ரோமாப் பெண்கள் ஏறினால் எல்லோரும் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார்கள் என்றான். "நம் ஊர் ரயிலில் ஊசிமணிக்காரர்கள் ஏறினால் செய்வோமே அம்மா, அதே மாதிரி." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐரோப்பா முழுவதும் ரோமா மக்கள் ஒரு கோடிக்கும் மேல் வாழ்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். தண்ணீருக்கு இன்றும் 'பானி' என்கிறார்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்து 'ஜிப்ஸி' என்று பெயர் வைத்தது அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் மொழியில் 'ரோம்' என்றால் ஆண், கணவன். நரியைச் சேர்த்து நாம் வைத்த பெயரும் வாக்ரிகள் கேட்டு வாங்கியதல்ல.

செக் நாட்டின் ஒஸ்திராவா நகரில் ரோமாப் பிள்ளைகளைச் சோதனை வைத்து, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகளைவிட 27 மடங்கு அதிகமாக அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில், இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் செய்தியைப் படித்தபோது என் வகுப்பறைக் கதவுதான் கண்முன் நின்றது.

ஒரு நாடு தனியாகத் திருந்தினால் போதாது என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள். 2005இல் பல்கேரியாவின் சோஃபியாவில் எட்டு நாடுகள் கூடி, கல்வி, வேலை, உடல்நலம், வீடு ஆகிய நான்கிலும் பத்தாண்டுகள் சேர்ந்து உழைப்பதாக உறுதி எடுத்தன. பிறகு பன்னிரண்டு நாடுகள் ஆயின. எல்லாம் நிறைவேறிவிடவில்லை, 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் மறுபடி 2030 வரைக்குமான திட்டம் வகுக்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2011இல் ஐரோப்பிய மன்றம் தொடங்கிய பயிற்சி. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் ரோமாக் குடும்பங்களுக்கும் நடுவில் நின்று பேசும் இணைப்பாளர்களுக்கான பயிற்சி அது. அவர்களில் பெரும்பாலோர் ரோமா மக்களே. 1996இல் வாக்ரி பேசும் அப்படி ஓர் ஆள் என் பள்ளியில் இருந்திருந்தால், அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருப்பார்.

நம் எல்லைக்கு வருகிறேன். காட்பாடியில் சித்தூர் பஸ் ஏறினால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி தாண்டியதும் ஆந்திரா. அங்கே இதே மக்களை 'நக்கல' என்பார்கள். தெலுங்கில் நக்க என்றாலும் நரிதான். 'நக்கல, குருவிக்காரன்' என்ற பெயரில் ஆந்திராவின் பழங்குடிப் பட்டியலில் 2003இலேயே சேர்த்துவிட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில், பட்டியல்களைத் திருத்துவதற்காக மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965இல் பரிந்துரைத்தும், மிகவும் பிற்படுத்தப்பட்டோராகவே வைத்திருந்து, 2022 டிசம்பரில்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. இருபது ஆண்டுகள் அக்கா ஒரு பட்டியலிலும் தங்கை வேறொரு பட்டியலிலும் இருந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் பழங்குடிதான். ஆனாலும் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி குடிபெயர்ந்தவருக்கு மற்ற மாநிலத்தில் சலுகை தராது என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கும் திருவண்ணாமலை தீபத்துக்கும் திருப்பதிக்கும் மணி விற்கப் போகிறவர்களுக்குச் சோதனைச் சாவடி எல்லையே அல்ல. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான். சட்டத்தை மாற்ற நாளாகும். வேலூர், சித்தூர் மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வாக்ரிப் பெரியவர்களையும் உடன் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேச எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. தெலுங்குவழியில் ஆறாம் வகுப்புப் படித்த பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் எந்த வகுப்பில் சேர்ப்பது, யார் ஓராண்டு உடனிருந்து சொல்லிக்கொடுப்பது, அங்கே கொடுத்த சான்றிதழை இங்கே விசாரணைக்கு ஆதாரமாகவாவது ஏற்பதா என்று பேசித் தீர்க்க எவ்வளவோ இருக்கிறது. பன்னிரண்டு நாடுகள் கூட முடிந்தது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களால் முடியாதா?

திங்கட்கிழமை அவர்களோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறேன். அந்தச் சொல்லை எழுதியவள் நான், பெற்றோரைக் கேட்காமல் எழுதினேன், அவர்கள் நரிக்குறவர் என்று எனக்கு நேரில் தெரியும் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று என் வீட்டுத் திண்ணையில் அதைத் தாய்க்குப் படித்துக் காட்டினேன். மகள் எட்டிப் பார்த்து, "இதில் என் பெயர் எங்கே இருக்கிறது?" என்றாள். அவளுக்குத் தெலுங்கு எழுத்து மட்டும்தான் தெரியும். மூன்றாவது வரியில் விரலை வைத்துக் காட்டினேன். விரலை எடுக்கச் சொல்லி, அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.