முதல் பேஸ் ஆம்ப் வாங்கிய அனுபவம்

பெரம்பூரில் நாங்கள் செல்லும் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கத் தொடங்கி ஏழு மாதங்கள் வரை எனக்கென்று ஆம்ப், அதாவது கருவியின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, எதுவும் இருக்கவில்லை. கிடார் கேபிளை நேராக, எல்லா ஒலிகளையும் கலந்து அனுப்பும் மிக்ஸரில் செருகிவிடுவோம். சத்தம் சபையாரை நோக்கி நிற்கும் இரண்டு பெரிய பாக்ஸ்களில் வரும். அந்தப் பாக்ஸ்களுக்குப் பின்னால், டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே நிற்கும் எனக்கு, நான் எந்தச் சுரத்தைத் தொட்டேன் என்பதே கேட்காது. ஆராதனை முடிந்த பிறகு கீபோர்டு வாசிக்கும் அண்ணன், "இரண்டாம் சரணத்தில் எங்கே போய்விட்டாய் தம்பி?" என்று கேட்டால்தான் தவறியது தெரியும். போதாக்குறைக்கு, மிக்ஸர் வழியாக வந்த ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கியிருந்தது. பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் கிடாரின் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) மிக்ஸரின் லைன் துளையில் நேரடியாகச் செருகினால், அந்தத் துளையின் மின்தடை பிக்கப்பின் தேவைக்கு மிகக் குறைவாக இருப்பதால், மேல்ஸ்தாயி ஒலிகள் அடங்கிப் போகும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஆம்புக்காக நான் ஒதுக்கியது 20,000 ரூபாய். அதைத் தொடுவதற்கு முன்பே ஒரு செலவு வந்து சேர்ந்தது. சித்தப்பா மகன் ஊருக்குப் போகும்போது தன்னுடைய சிறிய கிடார் ஆம்பை என்னிடம் விட்டுச் சென்றான். பேஸையும் அதில் செருகினால் என்ன என்று தோன்றியது, செருகினேன், மெதுவாக வாசித்தவரை நன்றாகவே இருந்தது. ஒரு மாலை சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி, மிகத் தடித்த நான்காவது தந்தியை, எங்கும் விரல் வைத்து அழுத்தாமல் திறந்தபடி, பலமாக மீட்டியபோது, ஸ்பீக்கர் காகிதம் கிழிவது போல ஒரு முறை கரகரத்தது, அதன் பிறகு எந்தச் சுரத்துக்கும் கரகரப்பு விடவில்லை. அந்தத் தந்தியின் அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தருவதற்கு ஸ்பீக்கரின் கூம்பு வெகுதூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சாதாரண கிடாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குவதால், அதற்காகச் செய்த ஸ்பீக்கர் அந்த ஓட்டத்தைத் தாங்காது. ரிச்சி தெருவில் வேறு ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்தி, அவன் திரும்பி வருவதற்குள் ஆம்பை அவன் வீட்டில் வைத்துவிட்டேன். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

அடுத்து அண்ணா சாலையிலும் அதைச் சுற்றியும் உள்ள கடைகளில் இரண்டு சனிக்கிழமைகள் ஏறி இறங்கினேன். முதல் கடையில் 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஒரு சிறிய காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வாசித்துப் பார்த்ததும் அப்போதே பணத்தை எடுத்து நீட்டலாம் போல இருந்தது, அவ்வளவு கனமான ஒலி. நல்ல வேளையாக, அதை அறையின் நடுவே ஓர் ஸ்டூலின் மேல் வைத்துக் கேட்கலாமா என்று கேட்டேன். கடைப் பையன் தூக்கி வைத்தான். அடியொலியில் பாதி காணாமல் போயிற்று. சுவரோரத்து மூலையில், தரையோடு ஒட்டி வைத்திருந்ததால் மூலையே அந்த ஒலியை ஊதிப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. சிறிய ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை உண்மையில் பெரிதாக எழுப்புவதும் இல்லை. அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை நம் காதே இட்டு நிரப்பிக்கொள்கிறது. வீட்டுப் பயிற்சிக்கு இது போதும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் போதாது.

வாட் கணக்கில்தான் நான் அதிகம் குழம்பினேன். 25 வாட்டைவிட 50 வாட் இரு மடங்கு சத்தம் தரும் என்றே நினைத்திருந்தேன். மின்திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு திறன் வேண்டும். முழு டிரம்ஸோடு, வேறு ஒலிபெருக்கியின் துணையே இல்லாமல் வாசிப்பவர்களுக்கு 100 வாட்டுக்குக் குறைவாக வாங்கக் கூடாது என்று கடைக்காரர் ஒருவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் என் நிலைமை அதுவன்று. சபைக்குக் கேட்கச் செய்யும் வேலையைத் தேவாலயத்தின் பாக்ஸ்கள் பார்த்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது என் காதுக்கு எட்டும் ஒலியும், மிக்ஸருக்குப் போகும் நல்ல லைனும்தான். இது பிடிபட்டதும் வாட் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு ஆம்பையும் திருப்பி, பின்பக்கத்தில், ஒலியை மிக்ஸருக்கு அனுப்ப மைக் கேபிள் செருகும் மூன்று முனை லைன் துளை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ரம்பிள் வரிசையில் 25 வாட் ஆம்புக்கு அந்தத் துளை கிடையாது, 40 வாட்டுக்கு உண்டு. 40 வாட்டில் ஸ்பீக்கரும் 10 அங்குலம். புதிதாக வாங்க என் பணம் எட்டவில்லை.

எனவே பழைய ஆம்புகளைத் தேடினேன். முதலில் பார்த்தது உள்ளூரில் செய்த, 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஒரு பெரும் பெட்டி. விலை 11,000 ரூபாய். கேபிள் செருகும் முன்பே அது 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. பேஸை மடியில் வைத்து நான்காவது தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) அழுத்தி மீட்டினேன்: 'ஜி' சுரம், 49 ஹெர்ட்ஸ். முனகல் அதைவிட ஒரு நூல் உயர்ந்திருந்தது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் அது. எந்தப் பாட்டை வாசித்தாலும் அருகில் ஒருவர் சற்றே சுருதி பிசகிய 'ஜி'யைப் பிடித்துக்கொண்டே இருப்பார் என்று பொருள். பிளக்கைப் பார்த்தேன். மூன்று முனையில் எர்த் முனையை வெட்டியிருந்தார்கள். "எல்லா ஆம்பிலும் இருப்பதுதான் தம்பி, வாசிக்கும்போது தெரியாது" என்றார் விற்பவர். தந்தியில் கை வைத்து வாசிக்கும் கருவிக்கு எர்த் இல்லாமல் மின்சாரம் கொடுப்பது முனகலைவிடப் பெரிய விஷயம் என்பதால் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெட்டியை இரண்டாவது மாடிக்குத் தூக்க என்னால் முடிந்திருக்காது என்பதும் உண்மை. இதற்கிடையே அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அங்கிருந்து ஒன்று வாங்கி வருவதாகச் சொன்னான். அது 120 வோல்ட்டுக்கானது, இங்கே 230 வோல்ட். கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் சுமக்க வேண்டும் என்பதால் வேண்டாம் என்றேன்.

ஒன்றரை மாதம் கழித்து, வேலை மாற்றலாகி ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் ரம்பிள் 40 கிடைத்தது. எடை 8 கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு கையில் தூக்க முடிந்தது. ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகிக் கரகரப்பு உண்டா என்று கேட்டேன், இருபது நிமிடம் நிறுத்தாமல் வாசித்தேன், ஹெட்போனையும் லைன் துளையையும் சோதித்தேன். 21,500 ரூபாய்க்கு முடிந்தது. கூடுதலான 1,500 ரூபாயை வீட்டில் சொல்லும்போது மட்டும் கேபிள் விலையோடு சேர்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மூன்றாவது தந்தியைத் திறந்து மீட்டினால் அறையே குமுறியது. மற்ற சுரங்கள் இயல்பாக இருந்தன. ஏமாந்துவிட்டோமோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. என் அறை பத்தடி நீளம். அந்தத் தந்தியின் 55 ஹெர்ட்ஸ் அலை ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஏறக்குறைய பாதிதான் என் அறையின் நீளம், அதனால் அந்தச் சுரம் மட்டும் சுவர்களுக்கிடையே மோதிப் பெருகியது. குற்றம் ஆம்பில் இல்லை, இரண்டு சுவர்களில் இருந்தது. ஆம்பைச் சுவரைவிட்டு நகர்த்தி, பேஸ் குமிழையும் கொஞ்சம் குறைத்த பிறகு குமுறல் பெருமளவு தணிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் என் முதுகுக்குப் பின்னால் வைத்து, மைக் கேபிளால் மிக்ஸரோடு இணைத்தோம். பாக்ஸ்களில் மீண்டும் அதே முனகல். லைன் துளைக்குப் பக்கத்தில் இருந்த, மிக்ஸருக்குப் போகும் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் அது சட்டென்று நின்றது. முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் நான் தவறிய இடம் எனக்கே தெளிவாகக் கேட்டது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் சரியான சுரத்துக்கு வந்துவிட்டேன்.