கோலம் நிற்கும் டைல்ஸ்

மதுரையில் நல்ல டைல்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் தரையை மாற்றப்போகிறீர்கள் என்ற செய்தி தெருமுனையைத் தாண்டினால் போதும், பதில்கள் தாமாகவே வீடு தேடி வரும். திருப்பூர் மச்சான் தொலைபேசியில் அழைத்து, பில் போடாமல் தருகிற கடையில் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்றார். ஆனால் பில் இல்லாமல் வாங்கிய டைல்ஸில் பாதி உடைந்து வந்தபோது எந்த முகத்தோடு கேட்பது என்பதை, அந்த அனுபவம் உள்ளவர் என்ற முறையில், அவரே அடுத்த மூச்சில் விளக்கினார். எதிர்வீட்டு ஆசிரியர் தம் மகளின் வீட்டுக்கு வாங்கிய கடையைச் சொன்னார். அங்கே டைல்ஸ் எப்படி என்று அவருக்கு நினைவில்லை, பாதாம் பால் கொடுத்தது மட்டும் நினைவிருந்தது. நம் மேஸ்திரியோ எந்தக் கடையையும் சொல்லாமல், "உங்க இஷ்டம் சார், எங்க வாங்குனாலும் சரி, ஆனா நான் சொல்ற கடையில வாங்குனாத்தான் வளையாத டைல்ஸா கிடைக்கும்" என்று பொதுப்படையாகக் கூறினார். அந்தக் கடையில் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று அவருக்குத் தனியாகப் போய்ச் சேரும் என்பது எங்கள் பழங்காநத்தத்துக்கே தெரியும். ஆனாலும் தரையைக் கொத்திப் போட்டுவிட்டு மேஸ்திரியோடு பகைத்துக்கொள்கிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

கொத்தப்பட்டது அப்பா போட்ட காவித் தரை. சிமெண்டோடு ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து, கரணையால் இழைத்து இழைத்துப் போட்டது. வெடிப்பு சுவரிலிருந்து பூஜையறை வரை ஓடியபோதும் அதைப் பூசிவிட்டால் போதும் என்றுதான் அம்மா கடைசிவரை வாதாடினார். அந்த வேலை தெரிந்த ஆட்கள் இப்போது கிடைப்பதில்லை என்று மேஸ்திரி சொன்னதை அவர் நம்பவில்லை. மேஸ்திரிக்குத் தெரியாது என்பதை மட்டும் நம்பினார். இறுதியில் டைல்ஸுக்குச் சம்மதித்தார், ஆனால் கடைக்குத் தாமும் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய துணிப்பையில் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு ஒரு சிறிய டப்பாவிலும், மாவைத் தொட்டு இழுக்க ஒரு துண்டுத் துணியும் இருந்ததை நாங்கள் முதல் கடைக்குள் நுழைந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

பைபாஸ் ரோட்டில் இருந்த அந்தப் பெரிய ஷோரூமில் குளிரூட்டியும் விளக்குகளும் கல்யாண மண்டபத்தைத் தோற்கடித்தன. விற்பனைப் பையன் மிகவும் பணிவானவர். இது ஸ்டாச்சுவரியோ, இது கர்ராரா, அப்படியே இத்தாலி மார்பிள் சார் என்று அவர் அறிமுகம் செய்துகொண்டே வர, அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் குஜராத் மோர்பி என்று அச்சிட்டிருந்ததை என் மனைவி வாய்விட்டுப் படித்தாள். அதில் குறையொன்றும் இல்லை. நாட்டில் பாதி வீடுகளின் தரை மோர்பியிலிருந்துதான் வருகிறது என்று சொன்னால் நம்பிவிடலாம் போலத்தான் எல்லாக் கடைகளிலும் பெட்டிகள் இருந்தன. பளிங்கின் நரம்புகளைக் கணினி வைத்து அச்சடித்து, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து வேக வைக்கிற வித்தையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பையன் பிறகு டபுள் சார்ஜ், ஃபுல் பாடி, ஜி.வி.டி. என்று டைல்ஸ் வகைகளைப் பிரித்துக்காட்ட, அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்து, "தம்பி, இதுல கோலம் நிக்குமா?" என்றார்.

அந்தப் பையனின் பயிற்சியில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தந்திருக்கவில்லை. வழுக்குமா, கறை பிடிக்குமா, கீறல் விழுமா என்பவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருந்தவர், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இப்போது கோல ஸ்டிக்கர் வருகிறது அம்மா என்றார். அம்மா அவரைத் திட்டவில்லை. அதைவிட மோசமாக, இரக்கத்தோடு பார்த்தார். அப்புறம் கீழே உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மோதிர விரலால் ஒரு சின்ன இழைக்கோலத்தை அந்தக் கர்ராராவின் மேல் போட்டார். பளபளப்பின் மேல் மாவு நீர் திட்டுத் திட்டாக ஒதுங்கியது ஒருபுறமிருக்க, பெரிய சங்கடம் வேறு: ஐவரி நிற டைல்ஸில் வெள்ளைக் கோலம் தெரியவே இல்லை. கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை கண்ணன் பாதம் போட்டால், அவர் வந்தாரா, வராமலே போய்விட்டாரா என்று யாருக்குத் தெரியும் என்று அம்மா கேட்டார். மேலாளர் ஓடி வந்தார். ஒரு பெண் துடைப்பத்தோடு வந்தாள். நாங்கள் விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினோம்.

அதற்குப் பிறகு ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் தரை டைல்ஸ் என்றால் ஐவரி, இல்லையென்றால் பிஸ்கட் நிறம், அதுவும் இல்லையென்றால் சாம்பல். ஊர் முழுக்க வீடுகள் வெளுத்துப்போனது எப்போது என்று தெரியவில்லை. ஒரு கடையில் கணக்கும் வெளுத்திருந்தது. இரண்டுக்கு இரண்டு என்று சொல்கிற டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர்தான். இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டி 15.5 சதுர அடிக்குத்தான் வரும், ஆனால் அங்கே 16 என்று போட்டார்கள். எங்கள் 640 சதுர அடிக்கு 40 பெட்டி என்று கடைக்காரர் எழுதியதில் 20 சதுர அடி காற்றுக்கு விலை இருந்தது. என் மனைவி கைப்பேசியில் பெருக்கிக் காட்டியபோது அவர் சற்றும் கலங்காமல், மதுரை முழுக்க இதுதான் கணக்கு மேடம், நடுவில் வருகிற இடைவெளியெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பதினாறு என்றார். இடைவெளிக்கு அடைக்கிற கிரவுட்டைத் தனியாக விற்கிறாரே என்று கேட்டதற்குப் பதிலில்லை.

நடுவில் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. அந்தச் செங்காவியும் பச்சையும் அம்மாவின் மனசுக்கு ஏற்றவை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்வதால் நெருப்பே படாமல் பளபளப்பு வந்துவிடுகிறது, நடக்க நடக்க மெருகு ஏறுகிறது. ஆனால் எலுமிச்சையும் புளியும் சிந்துகிற சமையலறையில் அதை யார் பாதுகாப்பது என்று மனைவி கேட்டாள். சாணைக்கல் பிடிக்காத தரையை ஒட்டிப் பழக்கமில்லை என்று மேஸ்திரி காரணமே இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னார். காரைக்குடிப் பயணம் அத்தோடு நின்றது.

கடைசியில் நாங்கள் வாங்கிய கடைக்கு ஷோரூம் என்று ஒன்று கிடையாது. மேலே தகரம், உள்ளே பெட்டிகள், வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர். அவர் ஜி.வி.டி. என்றோ இத்தாலி என்றோ தொடங்கவில்லை. வீட்டில் வயதானவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் குளியலறைக்குப் பளபளப்பு தரமாட்டேன் என்றார். ஒரு டைல்ஸைக் கவிழ்த்து முதுகில் தண்ணீரை ஊற்றி, சுவருக்கு ஒட்டுவது எப்படி உறிஞ்சுகிறது பாருங்கள், தரைக்கு வருகிற விட்ரிஃபைடு, அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல்ஸ், தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இன்னொன்றில் ஊற்றிக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நிறத்தை நம்பாதீர்கள் என்று சொல்லி, டைல்ஸைத் தாமே தூக்கி வந்து வெயிலில் வைத்தார். அம்மா தம் கேள்வியைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், யாரும் கேட்காததால் அடியில் கிடந்த பளபளப்பில்லாத செங்காவி நிற மேட் டைல்ஸ் ஒன்றை இழுத்து வந்து, தூசியைத் தம் துண்டால் துடைத்து, போட்டுப் பாருங்கள் என்று கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா அதில் முறையாக, அவசரப்படாமல், புள்ளி வைத்து ஒரு கோலமே போட்டார். சுமை ஏற்றுகிறவர்கள் கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அது காய்கிற வரை பெரியவர் எங்களுக்கு டீ வரவழைத்து, பெட்டிக்கு 15.5 என்றே கணக்குப் போட்டு, வெட்டுச் சேதாரத்துக்குச் சேர்த்து, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பையனை விட்டுச் சரிபார்க்கச் சொன்னார். விலை பைபாஸ் கடையைவிடக் குறைவென்று சொல்ல முடியாது. ஆனாலும் அம்மா பேரம் பேசவில்லை, அது எங்கள் குடும்ப வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய நாள். கோலம் போட்ட டைல்ஸையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள், அது என்னுடையது என்று மட்டும் கேட்டார். பெரியவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, காசு வேண்டாம் என்று கடைசிப் பெட்டியின் மேல் வைத்தார்.

நேற்றுக் காலை வேலை தொடங்கியது. தமக்கு ஒன்றும் பெயராத கடையின் டைல்ஸ் என்பதால் மேஸ்திரி ஒவ்வொன்றையும் கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்து வளைவு தேடினார். வளைவு கிடைக்காததில் அவருக்கு வருத்தம். அந்தக் கோபத்திலோ, தனியாகச் சுற்றியிருந்ததை உடைசல் என்று நினைத்தோ, கோலம் போட்ட டைல்ஸைத்தான் முதலில் பிரித்து எடுத்திருக்கிறார். நாங்கள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்ப்பதற்குள் அது சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங்குக்காக நான்கு அங்குலப் பட்டைகளாக வரிசையாகக் கிடந்தது, ஒவ்வொரு பட்டையிலும் அரைக் கோலத்தோடு. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஒரு பட்டையைக் கையில் எடுத்து, புடவைத் தலைப்பால் தூசியைத் தட்டி, மேஸ்திரியிடமே நீட்டினார்.

"பாத்தியாப்பா, மெஷின்ல வெட்டியும் ஒரு புள்ளி உதிரல."