பாலத்தை உடைத்தது நான்தான்

போன சனிக்கிழமை ஹட்டனில் விடிந்ததிலிருந்து மழை, மத்தியானம் கரண்டும் போனது. கொட்டகலையிலிருந்து மச்சான் (சொந்த அத்தை மகன், மூன்று வயது இளையவன்) தொப்பலாக நனைந்து வந்து நின்றான். ஆள்தான் நனைந்திருந்தான், கையிலிருந்த பொலித்தீன் சுருளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு மாதமாக வரைந்துகொண்டிருப்பதாகச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்த அந்தப் போர் விளையாட்டு ஒருவழியாக முடிந்துவிட்டது. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தை நாலு துண்டாகக் கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒட்டியிருந்தான், பட்டாலியன் வில்லைகளும் அதே அட்டையில் வெட்டியவைதான், ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் பாதி பசுமாட்டுப் படம்.

பர்மா, சிட்டாங் ஆறு, 1942 பெப்ரவரி. பிரிட்டிஷ் இந்தியப் படையின் 17ஆவது டிவிஷன் ஜப்பான்காரனிடம் அடிவாங்கிக்கொண்டே மேற்கே பின்வாங்குகிறது. ஆற்றைக் கடக்க இருப்பது ஒரே ஒரு ரயில் பாலம். அதன்மேல் பலகை பரப்பித்தான் லொறிகளை விட்டார்கள். பாலம் ஜப்பானியர் கையில் முழுசாகக் கிடைத்தால் ரங்கூனுக்கு வழி திறந்துவிடும், அதனால் வெடி வைத்தாயிற்று. எப்போது வெடிப்பது என்பதுதான் விளையாட்டே.

இந்த மாதிரி விளையாட்டில் துரத்துகிற பக்கம் எனக்குப் பிடிக்காது. துரத்துகிறவனுக்கு டைஸ் உருட்டுவதைத் தவிர பெரிய வேலை இல்லை. ஓடுகிறவனுக்குத்தான் யாரை முதலில் அனுப்புவது, யாரைக் காவலுக்கு நிறுத்துவது, யாரைக் கைவிடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் தலைவலி. அதனால் பிரிட்டிஷ் பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன். மச்சான் சிரித்தபோதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வரைபடத்தை விரித்தவுடன் ஆற்றின் நடுவே ஒரு பழைய காலண்டர் அட்டையை நிறுத்தினான், லட்சுமி படம் என் பக்கம். "நீ மேற்குக் கரை மச்சான். கிழக்கே நடக்கிறது உனக்குத் தெரியாது." என் ஆட்களில் பாதிக்கு மேல், 16ஆவது, 46ஆவது என்று இரண்டு பிரிகேட், லட்சுமிக்கு அந்தப் பக்கம். அவர்களை நகர்த்துவது நடுவராக உட்கார்ந்த என் தங்கச்சி. நான் துண்டுச் சீட்டில் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும், பதில் ஒரு சுற்று தாமதமாகத்தான் வரும். எட்டுச் சுற்று, ஒன்று நாலு மணி நேரக் கணக்கு.

முதல் சுற்றிலேயே பாலத்துக்கான டைஸில் ஒன்று விழுந்தது. அப்படி விழுந்தால் ஒரு லொறி பலகையை விட்டு விலகிச் சிக்கிக்கொள்ளும், அந்தச் சுற்று முழுக்கப் பாலம் அடைப்பு. அநியாய விதி என்று கத்தினேன். நிஜமாகவே 22ஆம் தேதி விடிவதற்கு முன் அப்படித்தான் ஒரு லொறி சிக்கிக் கிடந்ததாம், பின்னால் வந்த வண்டியெல்லாம் மணிக்கணக்கில் நின்றிருக்கிறது. அதற்கு முந்திய நாள் அதே வண்டி வரிசைமேல் தங்கள் பக்கத்து விமானங்களே தெரியாமல் குண்டு போட்டிருக்கின்றன. அதற்கும் ஒரு விதி வைத்திருந்து, பாவம் பார்த்து எடுத்துவிட்டானாம்.

நாலாவது சுற்றுக்குள் மெழுகுவர்த்தி பாதி கரைந்துவிட்டது, அம்மா கொண்டுவந்த ரொட்டியும் கட்டச் சம்பலும் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தன. சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. "மோக்பாலின் ஸ்டேஷன் பக்கம் சூட்டுச் சத்தம்." யார் சுடுகிறார்கள்? தங்கச்சி உதட்டைப் பிதுக்கினாள். "பாலத்தடியில் ஆள் குறைகிறது." அப்புறம் ஒரு சுற்று முழுக்கச் சீட்டே வரவில்லை, அட்டைக்கு அந்தப் பக்கம் மச்சான் டைஸ் உருட்டும் சத்தம் மட்டும்.

அன்றைக்கு டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல் ஜோன் ஸ்மித் முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கம் வாங்கியவர், கோழை என்று யாரும் சொல்ல முடியாது. பாலத்தடியில் நின்ற அதிகாரி இனிமேல் தாங்குவோம் என்று உறுதி சொல்ல முடியாது என்றதும் அனுமதி கொடுத்துவிட்டார். 23ஆம் தேதி காலை ஐந்தரைக்குப் பாலம் தகர்ந்தது. இரண்டு பிரிகேட் அந்தக் கரையில். இதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தேன், நான் அவசரப்படமாட்டேன் என்று மச்சானிடம் வாய் வேறு விட்டிருந்தேன். ஆறாவது சுற்றில் "வெடி" என்று எழுதி நீட்டினேன்.

தங்கச்சி சீட்டைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நிச்சயமா அண்ணே?" அப்படி நடுவர் கேட்கக்கூடாது, அது வேறு விஷயம். லட்சுமியைத் தூக்கினாள். என்னுடைய மூன்று வில்லைகள் பாலத்திலிருந்து இரண்டே கட்டம் தள்ளி. மச்சானிடம் பாலத்தருகே இருந்தது அடிபட்டுப் பின்புறம் திருப்பிய ஒரே வில்லை. மாடு என்னையே பார்த்தது. அவள் மடியில் கொடுக்காத சீட்டு ஒன்று, அடுத்த சுற்றுக்கு உரியது: "வந்துகொண்டிருக்கிறோம்."

முடிந்தது என்று எழுந்தால் விடவில்லை. அந்தக் கரையில் மிச்சமிருந்த ஏழு வில்லைக்கும் தனித்தனியாக நானே டைஸ் உருட்ட வேண்டும், ஏழையும் சேர்த்து ஒரே உருட்டு என்று கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒன்று இரண்டு விழுந்தால் காலி, மூன்றிலிருந்து ஐந்து வரை நீந்திக் கரையேறும் ஆனால் துப்பாக்கி போச்சு, ஆறு மட்டும் முழுசாக வரும். சிட்டாங்கில் கடல் ஏற்றத்தின்போது அலையே எதிர்த்து ஏறும், அதில் மூங்கிலையும் தகரத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். இரண்டு காலி, நாலு வெறுங்கையோடு, ஒன்று முழுசாக. நிஜத்தில் டிவிஷனில் மிஞ்சிய காலாட்படை சுமார் 3,500 பேர், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஸ்மித்தைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மார்ச் 8 ரங்கூன் போனது, ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு விழுந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் வெடிக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது சுற்றில் பாலம் முழுசாக மச்சான் கையில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரு குறை இருக்கிறது. அதே மாதங்களில் பர்மாவிலிருந்த இந்தியர்கள், நம் தமிழர்களும்தான், லட்சக்கணக்கில் காட்டு வழியாக நடந்தே ஓடினார்கள். அவர்களுக்கு இதில் ஒரு வில்லைகூட இல்லையே என்று கேட்டேன். "அதுக்குத் தனியா ஒரு கேம் செய்யணும் மச்சான், எனக்குத் தெரியல எப்படின்னு" என்றான்.

அடுத்த கேம் வத்தப்பொலுவ. கண்டிக்குப் பக்கத்தில்தான். 1803 ஜூனில் கண்டியில் சரணடைந்த பிரிட்டிஷ் மேஜர் டேவி, திருகோணமலைக்குப் போக விடுவதாகக் கொடுத்த வாக்கை நம்பி ஆட்களோடு மகாவலிக் கரைக்கு வந்து நின்றார். தென்மேற்குப் பருவக்காற்று, ஆற்றில் வெள்ளம், படகு இல்லை, உடைக்கப் பாலமும் இல்லை. பிரிட்டிஷார் கண்டி ராஜாவாக உட்கார வைத்திருந்த, அவர்களை நம்பி வந்த முத்துசாமியைக் கண்டியர் கேட்டதும் ஒப்படைத்தார், முத்துசாமியைக் கொன்றார்கள், அப்புறம் ஆயுதம் களைந்த சிப்பாய்களையும். டேவி கைதியாகப் பல வருஷம் கண்டியிலேயே கிடந்து செத்தார். மச்சான் ஏற்கெனவே ஆற்றை வரைந்துவிட்டான், வெள்ளம் ஏறுவதற்குத் தனி டைஸ். தங்கச்சி நடுவர் வேலையை விடமாட்டேன் என்கிறாள், மச்சானுக்குக் கண்டி ராஜா பக்கம்தான் வேண்டுமாம். டேவியாக உட்கார யாரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.