இறகில்லாக் கழுத்தும் இரண்டாம் வருடப் பாடமும்

பெப்ரவரி 6

பிறப்புரிமையியல், அதாவது இயல்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடப்பதைப் பற்றிய பாடம், தொடங்கிவிட்டது. பட்டாணிச் செடிகளில் அதை ஆராய்ந்த துறவி மென்டலின் பெயரைக் கேட்டதுமே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி. உயர்தரத்தில் கரைத்துக் குடித்ததுதானே என்ற நினைப்பு. மிஸ் மூன்றுக்கு ஒன்று விகிதத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் பலகையில் இரண்டு எண்களை எழுதிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்: 5474, 1850.

மென்டலின் இரண்டாம் தலைமுறைப் பட்டாணியில் உருண்டை விதைகள் முதலாவது, சுருங்கியவை இரண்டாவது. வகுத்தால் 2.96. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் மூன்றுக்கு ஒன்று அந்த மனிதர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ மடாலயத் தோட்டத்தில் 1856 இல் தொடங்கி வருடக்கணக்காக எண்ணி, 1865 இல் வாசித்து, 1866 இல் அச்சேற்றினார். 1900 இல் வேறு மூன்று பேர் அதே இடத்துக்கு வந்து சேரும்வரை உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். பட்டாணிப் பூ மூடியபடியே தன் மகரந்தத்தால் தானே கருக்கட்டிக்கொள்ளும். கலப்புச் செய்ய வேண்டுமென்றால் மொட்டைத் திறந்து மகரந்தத்தை எடுத்துவிட்டு, வேண்டிய பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் வைக்க வேண்டும். ஆகவே தகப்பன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. மென்டலின் கெட்டித்தனத்தில் பாதி, செடியைத் தெரிந்தெடுத்ததிலேயே இருக்கிறது.

பெப்ரவரி 10

வார இறுதி, விசுவமடு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள வளாகத்திலிருந்து வீட்டுக்கு வருவதென்றால் ஏ9 வீதியில் பரந்தன் வரை ஒரு பஸ், அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் இன்னொன்று. இரண்டாவதில் இருக்க இடம் கிடைத்தால் அது நல்ல நாள்.

எங்கள் வளவில் கழுத்தில் இறகில்லாத கோழிகள் சில நிற்கின்றன. சிவந்த தோலும், வெயிலில் காய்ந்த முகமும், பார்க்க அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கழுத்து ஒரேயொரு பரம்பரையலகின் (ஜீனின்) வேலை. ஒவ்வொரு அலகுக்கும் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டு எதிருரு, அதாவது இரண்டு வடிவம், இருக்கும். அவற்றில் ஆட்சியுடையது, அதாவது மற்றதை மீறி வெளியில் தெரிவது, ஒன்று இருந்தாலே கழுத்து வெறுமையாகும். இரண்டும் இருந்தால் ஏறத்தாழ முழுக் கழுத்தும் மொட்டை. ஒன்று மட்டும் என்றால் முன்கழுத்தில், மார்புக்குச் சற்று மேலே, சிறிய இறகுக் கொத்து ஒன்று நிற்கும். அதாவது எந்த எதிருருக்கள் உள்ளே இருக்கின்றன என்ற பிறப்புரிமையமைப்பை வெளியில் நின்றே வாசிக்கலாம். பட்டாணியில் இந்த வசதி இல்லை. அங்கே இரண்டு வடிவமும் கலந்த கலப்புப்பிறப்பும் தூய உருண்டையும் பார்வைக்கு ஒன்றுதான்.

எங்கள் சேவலுக்குக் கொத்து இருக்கிறது. அப்படியென்றால் ஒன்று மட்டும். கழுத்து முழுக்க இறகுள்ள, முழுக்கழுத்துப் பேட்டோடு சேர்ந்தால் குஞ்சுகளில் பாதிக்கு இறகிருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். போன முறை பொரித்த ஏழும் வெறுங்கழுத்து என்கிறார். தாய் முழுக்கழுத்துப் பேடு. ஏழு தரம் நாணயம் சுண்டி ஏழும் தலையாக விழுவதற்கு 128 இல் ஒன்று வாய்ப்பு. நடக்காதென்றில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது.

அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே முடித்துவிட்டார். "அதுகள் உந்தச் சேவலின்ர எண்டு ஆர் சொன்னது? பக்கத்து வளவுச் சேவல் வேலிக்கு மேலால பாயிறது உனக்குத் தெரியாதே?"

பக்கத்து வளவுச் சேவலும் வெறுங்கழுத்துத்தான், அதற்குக் கொத்தே இல்லை.

பெப்ரவரி 11

பேடு ஒருமுறை சேவலோடு சேர்ந்தால் இரண்டு மூன்று கிழமை வரை கருக்கட்டிய முட்டை இடும். முட்டைக்கானின் உள்மடிப்புகளில் விந்தைச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே இன்று சேவலை மாற்றி நாளை முட்டை எடுப்பதில் அர்த்தமில்லை.

எங்கள் சேவலைச் சோதித்துப் பார்க்க, அம்மம்மாவோடு பேரம் பேசி ஒரு முழுக்கழுத்துப் பேட்டை வாங்கினேன். குஞ்சுகளைக் கொத்திக் கலைத்துவிட்டு, இன்னும் முட்டைக்கு வராமல் திரிகிற ஒன்று. தெரிந்தெடுத்தது அவர்தான். முட்டையிடுகிற கோழியை அடைத்தால் அந்த ஈடு வீணாகும், இது வரும்போது நாள் சரியாக இருக்கும் என்று கணக்குச் சொன்னார். பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டிய கூட்டில் தனியே விட்டாயிற்று.

"மூண்டு கிழமை கூட்டுக்க கிடந்து மெலிஞ்சால் நீதான் பாக்கோணும்" என்பது ஒப்பந்தத்தின் மற்றப் பகுதி. நான் விடுதிக்குப் போய்விடுவேன், பார்க்கப்போவது அம்மாதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெப்ரவரி 20

செய்முறை வகுப்பு. இரண்டு டின்களில் பயறும் உளுந்தும் சம அளவில். ஒரு டின் தாய், மற்றது தகப்பன். கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் ஒரு மணி எடுத்து, சோடியைக் குறித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பயறு ஆட்சியுடையது. 100 சோடிக்குப் பிறகு எங்கள் மேசையில் 68 க்கு 32.

எதிர்பார்ப்பு 75 க்கு 25. இந்த வித்தியாசம் தற்செயல்தானா என்று பார்க்கும் கைவர்க்கக் கணக்கில், வித்தியாசம் ஏழின் வர்க்கமான 49 ஐ 75 ஆல் வகுத்ததையும் 49 ஐ 25 ஆல் வகுத்ததையும் கூட்டினால் 2.61. இரண்டே வகை உள்ள இந்தக் கணக்குக்கு (ஒரு சுயாதீனப் படி) எல்லை 3.84. ஆகவே 3:1 ஐ நிராகரிக்க முடியாது. பின் மேசையில் சரியாக 75 க்கு 25 வந்ததாகச் சொன்னார்கள். மிஸ் சிரித்துக்கொண்டே 1936 இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எழுப்பிய கேள்வியைச் சொன்னார்: மென்டலின் எண்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், தற்செயல் விடும் அளவைவிட அவை எதிர்பார்ப்புக்கு அதிகம் கிட்டவே நிற்கின்றன. யார் கைவைத்தார்கள், கைவைத்தார்களா என்ற வாதம் அதன்பின் நெடுங்காலம் ஓடியது. பின் மேசை அமைதியாகிவிட்டது.

உளுந்தில் கொஞ்சம் எங்கள் விடுதிச் சமையலுக்குப் போனது. அது கணக்கில் வராது.

மார்ச் 3

சேவல் இன்று கூட்டுக்குள் போனது. வலைக்கு மேலே கிடுகும் போட்டாயிற்று, பக்கத்து வளவார் எட்டிப் பார்க்க வழியில்லை. இனி முதல் ஐந்தாறு நாள் இட்டால் அது கறிக்கு. அதன் பிறகு வருவதற்கு அம்மம்மா கரியால் புள்ளி வைப்பார்.

மார்ச் 12

குடும்ப வழிமரம் வரையும் பயிற்சி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக்கோடு. மூன்று தலைமுறை, ஏதாவது ஒரு இயல்பு.

நாக்கைச் சுருட்டுவது, காதுமடல் ஒட்டியிருப்பது இரண்டும் வேண்டாம் என்றார் மிஸ். பள்ளிக்கூடத்தில் அவற்றைத்தான் செய்திருந்தோம். நாக்குச் சுருட்டலை ஒரு தனிப் பரம்பரையலகின் இயல்பாக 1940 இல் எழுதியவர் அமெரிக்கப் பிறப்புரிமையியலாளர் ஸ்டர்ட்டிவன்ற். பிறகு ஒரே பரம்பரையலகுகளைக் கொண்ட ஒத்த இரட்டையரில் ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாத சோடிகள் கண்டுபிடிக்கப்பட்டன. காதுமடலிலோ இரண்டுக்கும் இடைப்பட்டவை ஏராளம். இருந்தும் பாடப்புத்தகங்கள் இவற்றை விடுவதாயில்லை.

நான் கன்னக்குழியை எடுத்தேன். அதுவும் அவ்வளவு எளிய கதையில்லை என்று தெரிந்துதான். அம்மா பக்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்பா பக்கத்தில் குறுக்குக்கோடுகள்தான் கூட. அப்பப்பாவுக்குச் சிரித்தால் குழி விழுமா என்று கேட்க 2009 க்குப் பிறகு எங்களிடம் ஆளும் இல்லை, படமும் இல்லை. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடலாம், யாரும் விளக்கம் எழுதத் தேவையில்லை என்று மிஸ் முதலே சொல்லியிருந்தார். வகுப்பில் அநேகமான தாள்களில் கேள்விக்குறி இருந்தது. அடுத்த கதிரையில் இருந்த கொழும்புப் பிள்ளை என் தாளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

மார்ச் 24

பத்து முட்டை, எல்லாவற்றிலும் கரிப்புள்ளி. பேடும் அடைக்குக் கிடக்கத் தொடங்கிவிட்டது. அம்மம்மா கூடைக்குள் வைக்கோல் போட்டு, இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் செருகினார். நான் மறுத்துப் பேசவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க இரும்பில்லாத கட்டுப்பாட்டுக் கூடை ஒன்று வைக்க இன்னொரு அடைக்கோழியும் இல்லை.

ஏப்ரல் 2

ஆட்சி என்றால் வலிமை என்று இவ்வளவு நாளும் ஒரு நினைப்பு எல்லோருக்கும். இன்றைய விரிவுரையில் அது உடைந்தது. சுருங்கிய பட்டாணியில் மாப்பொருளைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதியம் (என்சைம்) வேலைசெய்யாது. பரம்பரையலகுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்திருக்கிறது. 1990 இல்தான் இதைக் கண்டார்கள். மாப்பொருள் குறைய வெல்லம் கூடும், வெல்லம் கூடத் தண்ணீர் கூடும், பிறகு விதை காயும்போது சுருங்கும். ஒரு நல்ல பிரதியே போதிய நொதியத்தைச் செய்துவிடுவதால் உருண்டை "ஆட்சி".

கோழியின் கதை நேர்மாறு. அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. 2011 இல் வெளியான ஆய்வின்படி, இறகு முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதம் அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகிறது. கழுத்துத் தோலில், விற்றமின் ஏ யிலிருந்து உருவாகும் ரெட்டினோயிக் அமிலம் இருப்பதால் அந்த இடம் தடைக்குக் கூடுதலாக இணங்குகிறது. அதனால்தான் முதுகு தப்பிக்க, கழுத்து மாட்டுகிறது. இறகு குறைவதால் வெப்பம் இலகுவாக வெளியேறும். சித்திரை வெயிலில் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மாமரத்தடியில் கிடக்க, இவை இரை பொறுக்குவது அதனால்தான்.

ஏப்ரல் 14

புதுவருட விடுமுறை, நல்லவேளை வீட்டில் நின்றேன். இரண்டு கூழ்முட்டை, எட்டுக் குஞ்சு.

முதலாவது ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. ஈரம் காயும்வரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்ததும் கழுத்தைச் சுற்றி மஞ்சள் பஞ்சு, காது வரை. அந்த ஒரு குஞ்சோடு சேவலின் வழக்கு முடிந்தது. இரண்டு எதிருருவும் உள்ள சேவலுக்கு இப்படியொரு பிள்ளை பிறக்க வழியில்லை. மறுபக்கம், எட்டும் வெறுங்கழுத்தாக வந்திருந்தால் சந்தேகம் குறைந்திருக்கும், தீர்ந்திருக்காது.

மொத்தத்தில் மூன்று வெறுங்கழுத்து, ஐந்து முழுக்கழுத்து. மூன்றுக்கும் முன்னால் சின்னக் கொத்து. அம்மாவுக்கு இது பாதிபாதி இல்லை என்று குறை. எட்டுக் குஞ்சுக்கு இது தாராளமாகப் போதும் என்றேன்.

ஏப்ரல் 19

பருந்து ஒரு முழுக்கழுத்துக் குஞ்சைத் தூக்கிவிட்டது. அறிக்கையில் பொரித்த நாள் எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். பருந்துக்குப் பிறகு எண்ணினால் அது வேறு பாடம், அடுத்த வருடம் வரும்.

அம்மம்மாவுக்கு விகிதத்தில் அக்கறையில்லை. வெறுங்கழுத்துக்கு வெயில் தாங்கும், உரிக்கிற வேலையும் குறைவு. "அப்ப எல்லாம் கழுத்தில்லாததாய் வர என்ன செய்யோணும்?" என்று கேட்டார். கொத்துள்ள சேவலையும் கொத்துள்ள பேட்டையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு கொத்தில்லாத வெறுங்கழுத்தாக வரும். அதிலே ஒரு சேவலை வைத்துக்கொண்டால் அதன் பிள்ளைகள் எல்லாமே வெறுங்கழுத்து என்று விளக்கினேன்.

விரலை மடக்கி மாதம் எண்ணினார்.

"ஒரு வருசம் செல்லும். பக்கத்து வீட்டுக்காரியிட்டச் சொல்லி அந்தச் சேவலை வாங்கினால் நாளைக்கே அலுவல் முடிஞ்சுது."

என்ன விலை சொல்வார்கள் என்று அம்மா விசாரிக்கப் போயிருக்கிறார்.