மச்சின் மேல் நின்ற ஒரு வருஷத்து மழை

போன வாரம் அப்பாவின் மரப்பெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். அடியில் 2023-ஆம் வருஷத்து மழை நோட்டு இருந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அப்பா, ரிட்டயர் ஆன பிறகும் காலையில் வாசலில் இருக்கும் மழைமானியை எடுத்து அளந்து எழுதாமல் காப்பியைத் தொட மாட்டார். தோட்டத்துக்காரர்களுக்கு மழை என்றால் மில்லிமீட்டர் கிடையாது, இஞ்ச், சென்ட்தான், ஒரு இஞ்சில் நூறில் ஒரு பங்கு சென்ட். "நேத்து ஒரு இஞ்ச் நாப்பது சென்ட்" என்று சொன்னால் போதும், எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த நோட்டில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் ஊருக்கு நேராகப் பெரும்பாலும் கோடுதான் போட்டிருந்தார். பக்கத்திலேயே சிவப்பு மையில் இன்னொரு வரிசை, அது தம்பி இருந்த ஊரின் பனி.

தம்பி அப்போது கலிபோர்னியாவில் மாமத் லேக்ஸ் என்ற மலையூரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தான். சியரா நெவாடா மலையின் கிழக்குப் பக்கம், கிட்டத்தட்ட 7,900 அடி உயரம், அதாவது நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியை விட இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி மேலே. ஊர் பிழைப்பதே பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை நம்பித்தான், நமக்குக் கோடை விழா சீசன் மாதிரி. ஆனால் அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் மூன்று வருஷம் கலிபோர்னியா முழுக்கக் கடும் வறட்சி, அதுவும் பசிபிக் கடல் நீர் வழக்கத்தை விடக் குளிர்ந்திருக்கும் லா நினா வருஷம், அதனால் பெரிதாகப் பனி விழும் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தது வேறு. பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று ஒரு நீண்ட பட்டையாகப் புறப்பட்டு வருவதை அங்கே வளிமண்டல ஆறு என்பார்கள், அது ஒன்று போனதும் இன்னொன்றாக வந்து சியராவில் மோதியது. மலை மேல் ஏறுகிற காற்று குளிர்ந்து சுமையை இறக்கியே ஆக வேண்டும், வடகிழக்குப் பருவத்தில் நம் மலையில் நடப்பதும் அதுதான், அங்கே மழைக்குப் பதில் பனி.

சீசன் முடிந்தபோது பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்தில் எடுத்த கணக்கு 715 இஞ்ச். அதற்கு முன் இருந்த சாதனை 2010-11 சீசனில் 668.5 இஞ்ச். 715 இஞ்ச் என்றால் அறுபது அடி, ஒரு நல்ல தென்னை மரம் உயரம். அத்தனையும் ஒரே சமயத்தில் அப்படியே நிற்காது, விழ விழ அமுங்கும். அமுங்கினால் உயரம்தான் குறையும், எடை குறையாது.

இதை எங்கள் வீட்டில் முதலில் புரிந்துகொண்டது அப்பாதான். பத்து இஞ்ச் பனியை உருக்கினால் சுமார் ஒரு இஞ்ச் தண்ணீர் என்று தம்பி சொன்னதும், சிவப்பு வரிசைக்குப் பக்கத்தில் பென்சிலால் பத்தால் வகுத்து எழுத ஆரம்பித்தார். அந்த மலையில் விழுவது ஈரம் அதிகமுள்ள பனி, சியரா சிமெண்ட் என்றே சொல்வார்களாம், அதனால் உண்மைக் கணக்கு இன்னும் கூடத்தான் வரும். குறைந்தபட்சமாகப் பார்த்தாலும் எழுபது இஞ்சுக்கு மேல். ஏற்காட்டில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது அறுபது இஞ்ச் சுற்றி. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊரு மழை பெஞ்சா ஓடிப் போயிரும் கண்ணு. இவனுக்கு ஒரு வருஷத்து மழையும் கூரை மேலயே நிக்குது" என்றார்.

எனக்கு அதுவரை பனி என்றால் எடையே இல்லாத ஒன்று. மார்கழியில் ஏரியின் மேல் நிற்பதும் பனி, காப்பிச் செடி இலையில் விடிகாலை உருள்வதும் பனி, கோலம் போடும்போது முந்தானையால் தலையை மூடிக்கொள்வதும் பனிக்குத்தான். இடிந்து விழ வைக்கிற ஒன்றுக்கும் நம்மிடம் அதே சொல்தான் இருக்கிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று அம்மா வருஷா வருஷம் சொல்வாள், குளிர் உள்ளே இறங்குவதைச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருப்போம். அந்த மாசியில்தான் தம்பி ஊரில் புயல் மேல் புயல், பல கட்டடங்களின் கூரைகள் நிஜமாகவே உள்ளே இறங்கின.

அவன் இருந்த வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் மூடிப்போய்ப் பகலிலும் விளக்கு எரிந்தது. வாசலுக்குப் போகப் பனியில் குடைந்த ஒரு சந்து, இரண்டு பக்கமும் அவன் தலைக்கு மேல் சுவர். வீடியோவில் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டினான், வரி வரியாக இருந்தது, ஒவ்வொரு புயலும் ஒரு வரி. காலையில் எழுந்து முதல் வேலை கேஸ் குழாயையும் புகைக்குழாயையும் தோண்டி வெளியே எடுப்பது. அங்கே வீட்டுக்கு வரும் கேஸ் புரொபேன், அது காற்றை விடக் கனமானது, பனியின் எடையில் குழாய் விரிசல் விட்டால் பனிக்கு அடியிலேயே தங்கும், ஒரு பொறி போதும். அப்புறம் படிக்கட்டு, அப்புறம் கூரை, அதன் பிறகுதான் ஓட்டல் வேலை. மலையிலும் அதே கதைதான், சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் நாற்காலிகளையே ஆட்கள் மண்வெட்டியால் தோண்டி எடுத்துவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது. பனிக்காகவே இருக்கிற ஊர், ஆனால் 395-ஆம் நம்பர் நெடுஞ்சாலை மூடினால் வருகிறவனும் இல்லை, பால் ரொட்டி லாரியும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் நம் மலைப்பாதையில் மண் சரிந்தபோது கடை கடையாக அலைந்தேன், அப்போது அவன் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஒரு நாள் ராத்திரி, அவனுக்குக் காலை, போன் செய்தான். "அக்கா, கிச்சன் கதவு சாத்த மாட்டேங்குது" என்றான். நான் ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்றேன். இல்லை, கூரைச் சுமை நிலையை அழுத்தினால் கதவு பிடிக்குமாம், அதுதான் முதல் அடையாளமாம். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, பார்த்துக்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே இவனும் கூட இருந்தவர்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டலின் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார்கள், ஒன்பது நாள் அங்கேதான் படுக்கை. அந்தக் கூரை விழவில்லை. விழாததால் அவன் பயந்தது தப்பு என்று ஆகிவிடாது, அந்த வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 3-ஆம் தேதி அளந்தபோது மாநிலம் முழுக்கப் பனியிருப்பு சராசரியில் 237 சதவீதம். அது மெல்ல உருகித்தான் அங்கே அணைகள் நிறையும், லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கிழக்குச் சரிவிலிருந்துதான் போகிறது. அப்பா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. சேலத்துக்காரர்களைப் போல அவரும் பேப்பரை எடுத்தால் முதலில் மேட்டூர் நீர்மட்டம்தான் பார்ப்பார். அதே 2023-இல் ஜூன் 12 திறந்த மேட்டூர் அணையை அக்டோபரில் மூட வேண்டி வந்தது. மலையில் பனியாகச் சேர்த்து வைக்கிற வசதி காவிரிக்கு இல்லை, மழை வந்தால் உண்டு.

மாமத் மலையில் சீசன் ஆகஸ்ட் 6 வரை ஓடியது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேராகச் சிவப்பில் "மூடியாச்சு" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி அடுத்த தை மாசம் ஊருக்கு வந்தான். எங்கள் பின்கட்டுக்குத் தகரக் கூரை, ராத்திரி குளிரில் தகரம் சுருங்கும்போது டொக்கென்று ஒரு சத்தம் வரும், நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். முதல் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், அந்தச் சத்தத்துக்கு அவன் எழுந்து உட்கார்ந்தான். விளக்கைப் போடாமல் சமையலறைக்குப் போய்க் கதவைத் திறந்து சாத்தினான். மறுபடியும் ஒரு தடவை திறந்து சாத்திப் பார்த்துவிட்டு வந்து படுத்தான்.