வேர்தேடும் மாநாட்டில் பியானோக் கலைஞருக்கு என்ன வேலை?

2021 பிப்ரவரி 25 முதல் 27 வரை இணையத்தில் மட்டுமே நடந்த ரூட்ஸ்டெக் கனெக்ட் மாநாட்டின் சிறப்புப் பேச்சாளர்களில் மெக்சிகோவின் கோல்ஃப் வீராங்கனை லொரேனா ஒச்சோவா, பிரேசில் கால்பந்து வீராங்கனை புரூனா பெனிட்டெஸ், டார்ஜிலிங்கில் பிறந்த ஹாலிவுட் நடிகர் எரிக் அவாரி, இத்தாலியப் பியானோக் கலைஞர் ஃபிரான்செஸ்கோ லொதோரோ ஆகியோர் இருந்தனர். குடும்ப வரலாற்றை ஆராய்வதற்கென்று கூடும் மாநாட்டில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பழைய தேவாலயப் பதிவேட்டின் கையெழுத்தைப் படிப்பது, மரபணுச் சோதனையின் முடிவுக்குப் பொருள் காண்பது போன்ற வகுப்புகளே மாநாட்டின் உயிர் என்றும், பிரபலங்களின் உரையும் கலைஞர்களின் நிகழ்ச்சியும் இடைவேளைக்கு உரியவை என்றும் அவர்கள் கருதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. விருந்தினரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் வகுப்புகள் தர இயலாத ஒன்றை அவர்கள் தருவார்கள் என்பதற்கு இந்தப் பட்டியலிலேயே சான்று இருக்கிறது.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் நடந்துவரும் ரூட்ஸ்டெக்கை நடத்துவது ஃபேமிலிசர்ச் நிறுவனம். மார்மன் திருச்சபை 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த இந்நிறுவனம், 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்துச் சேர்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாநாட்டைக் கட்டணமின்றி இணையத்தில் திறந்துவிட்டபோது, 240க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவுசெய்தனர். அவ்வளவு பெரிய அவைக்கு மெக்சிகோவிலும் பிரேசிலிலும் அறியப்பட்ட முகங்கள் தேவைப்பட்டதில் வியப்பில்லை. விளையாட்டு நட்சத்திரத்தின் பெயரைக் கேட்டு உள்ளே வந்த ஒருவர் தம் பாட்டியின் பெயரைத் தேடத் தொடங்கினால், அந்த அழைப்பு வீணாகவில்லை. எனினும் கூட்டம் சேர்ப்பது விருந்தினரின் சிறிய பயன்தான். பெரிய பயனை லொதோரோவிடம் காணலாம்.

1964இல் பார்லெட்டா நகரில் கத்தோலிக்கராகப் பிறந்தவர் லொதோரோ. 2004இல் யூத சமயத்தைத் தழுவியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வதை முகாம்களிலும் சிறைகளிலும் கைதிகள் இயற்றிய இசையைத் தேடிச் சேர்ப்பதையே அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் பணியாகக் கொண்டிருக்கிறார். யூதர்கள், ரோமா (ஜிப்சி) மக்கள், அரசியல் கைதிகள், போர்க் கைதிகள் எனப் பலர் எழுதிய எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அவரிடம் சேர்ந்துள்ளன. உயிர்பிழைத்தவர்களின் வீட்டுக்கும், மாண்டவர்களின் பிள்ளைகள் வீட்டுக்கும் சென்று, அலமாரியிலும் பரணிலும் கிடக்கும் தாள்களைக் கேட்டு வாங்கிப் படியெடுப்பதே அவரது முறை. குடும்ப வரலாற்று ஆய்வாளர் செய்வதும் இதே வேலைதான்.

அவர் மீட்டெடுத்து வாசிப்பவற்றுள் செக் நாட்டு இசையமைப்பாளர் ருடால்ஃப் காரெலின் கடைசிப் படைப்புகளும் உண்டு. புகழ்பெற்ற செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் மாணவரான காரெல், நாஜி எதிர்ப்பியக்கத்தில் பங்கெடுத்ததற்காக 1943இல் கைதாகிப் பிராகாவின் பங்க்ராட்ஸ் சிறையில் அடைக்கப்பட்டார். எழுதுவதற்குத் தாள் இல்லாததால் கழிவறைத் தாளிலும், மை இல்லாததால் வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட கரித்துண்டாலும் இசைக்குறிப்புகளை எழுதினார். இரக்கமுள்ள சிறைக்காவலர் ஒருவர் அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒன்பது கருவிகளுக்கான இசையும் ஓர் இசைநாடகமும் இவ்வாறு தப்பின, காரெல் தப்பவில்லை. 1945 மார்ச்சில், நாஜிகளின் சிறைமுகாமாக இருந்த தெரெசின் கோட்டையில் இறந்துபோனார். முகாமின் பதிவேடு அந்த மனிதரின் பெயரையும் இறந்த நாளையும் சொல்லக்கூடும். சிறையறையில் அவர் மனம் எதில் ஈடுபட்டிருந்தது என்பதை அந்தத் தாள் மட்டுமே சொல்லும். அதையும் யாராவது வாசித்தால்தான் நாம் கேட்க முடியும். ஆகவே இத்தகைய மாநாட்டில் லொதோரோவை நான் சாட்சியாகவே பார்க்கிறேன்.

அதே ஆண்டுப் பேச்சாளரான ஷேரன் லெஸ்லி மார்கன், கறுப்பின அமெரிக்கர்கள் தம் முன்னோரைத் தேட உதவும் 'அவர் பிளாக் ஆன்செஸ்ட்ரி' என்ற அமைப்பை நிறுவியவர். அவர் துறையின் இடர்ப்பாடு எதுவென்று 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்தால் விளங்கும். உடைமையாளரின் பெயர் இருக்கும்; அவருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும்; அடிமைப்பட்டவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் பெயருடன் எண்ணப்பட்டது 1870 கணக்கெடுப்பில்தான். இத்தகைய வெற்றிடத்தில் தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும், தேடும் மனிதரின் வாய்மொழியை நேரில் கேட்பது தனிப் பயனுடையது.

நம்மவர்க்கு இது அயலார் கதை அன்று. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சென்று சேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களுக்கு ஆளுக்கோர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், கப்பல் என்று பதிவு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைப் பற்றிக்கொண்டு ஊர் தேடி வருகிறார்கள். ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணிகள் மூலம் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அவ்வளவு விரிவான ஆள்வாரிப் பதிவு கிடைப்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட தகரத் துண்டில் தோட்டத்தைக் குறிக்கும் எண் இருந்ததே ஒழிய, ஊரும் உறவும் இல்லை. அவை தங்கியிருப்பது தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தோட்டப் பாட்டிலும்தான். கண்டிச் சீமைக்கு நடந்த வழி, கங்காணியின் கொடுமை, விட்டுவந்த ஊர், இழந்த பிள்ளை ஆகியவை அவற்றில்தான் பதிவாகியிருக்கின்றன.

எனவே தமிழர்களுக்கென்று இணையவழிக் குடும்ப வரலாற்று மாநாடு ஒன்றை நடத்த விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பாரி அறிந்த மலையகத்து மூதாட்டி ஒருவரை அழையுங்கள். ஆனால் தொடக்க விழாவில் ஐந்து நிமிடம் பாடவிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். ஆவணக் காப்பக அறிஞருக்குக் கொடுக்கும் அதே முக்கால் மணி நேரத்தை அவருக்கும் கொடுங்கள். அவர் பாடும்போதே பாட்டின் வரிகள் திரையில் தெரியட்டும். யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில் கற்றார், பாட்டில் வரும் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள விவரமறிந்த ஒருவர் உடன் இருக்கட்டும். பாடியவரின் ஒப்புதலைப் பெற்று, அந்தக் குறிப்புகளுடன் ஒலிப்பதிவை எல்லோரும் தேடிக் கேட்கும்படி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரன் ஒருவன் தன் கொள்ளுப்பாட்டியின் ஊர்ப்பெயரை அதில் அடையாளம் காண வாய்ப்புண்டு.